கல்லும் கடுதாசியும்

லண்டன் டவுனிங் தெரு. பிரிட்டிஷ் பிரதமர் குடியிருக்கிற தெரு. 1910 நவம்பர் மாசம். அயர்லாந்துலேர்ந்து வந்த ஒரு அம்மணி அங்கே ஜன்னல் கண்ணாடி மேல கல்லை விட்டு எறியறாங்க. வயசு 32. இசையில பட்டம் வாங்கினவங்க. அசைவம் தொட மாட்டாங்க. பார்த்தா ஈ எறும்புக்குக்கூட தீங்கு நினைக்காத கேஸ்! கல் எறிஞ்சதுக்கு ஒரு மாசம் ஹாலோவே ஜெயில்ல களி.

பேரு மார்கரெட் கசின்ஸ். கேட்டது ஒண்ணே ஒண்ணு, பெண்களுக்கு ஓட்டு.

இதே அம்மணி 1913-ல் டப்ளின் கோட்டை ஜன்னலை உடைச்சுட்டு மறுபடி உள்ளே போனாங்க. அங்கே உண்ணாவிரதம் இருந்து 'எங்களை அரசியல் கைதியா நடத்து'ன்னு கேட்டு வாங்கினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 1915-ல், கணவரோட கப்பலேறி நம்ம சென்னை மாகாணத்துக்கே வந்துட்டாங்க. வந்த இடத்துல எத்தனை ஜன்னல் உடைச்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?

ம்ஹூம். ஒண்ணுகூட இல்லை. பேனாவை எடுத்து லெட்டர் எழுத உட்கார்ந்துட்டாங்க!

ஏன் இந்த மாற்றம்? இந்த வாரம் அந்த மேட்டர்தான்.

அதுக்கு முன்னாடி ஒரு மினி சர்வே. விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுல காலேஜ் பஸ்ஸுக்காக நின்னுக்கிட்டிருந்த நாலஞ்சு பேரைப் பிடிச்சு, "நம்ம ஊர்ப் பெண்களுக்கு ஓட்டு எப்போ கிடைச்சுது?"ன்னு கேட்டேன். "சுதந்திரம் வந்தப்போ"ன்னார் ஒருத்தர். "அம்பேத்கர் குடுத்தார்"ன்னு ஒரு பொண்ணு. திண்டிவனத்துலேர்ந்து என்கூட டெய்லி பஸ்ல வர்ற தோழியோ, "எப்பவுமே இருந்துச்சு இல்லே?"ன்னா. (எப்பவுமே இருந்தது பஸ்ல லேடீஸ் சீட் மட்டும்தான் தாயி!)

வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு அரசியல் சட்டம் சொன்னது 1950-ல். அதனால அம்பேத்கர் பேரைச் சொன்ன பொண்ணுக்குப் பாதி மார்க் உண்டு. ஆனா முதல் கதவு திறந்தது 1921-ல். பிரிட்டிஷ் இந்தியாவுலேயே முதல் மாகாணமா பெண்களுக்கு ஓட்டுரிமை குடுத்தது நம்ம சென்னை மாகாணச் சட்டசபைதான். அப்போ ஜஸ்டிஸ் கட்சி ஆட்சி. விழுப்புரத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கிற பாண்டிச்சேரியை ஆண்டுக்கிட்டிருந்த பிரான்ஸ் நாட்டுல பெண்களுக்கு ஓட்டு வந்தது 1944-லதான். 23 வருஷம் லேட்!

சரி, கல் கதைக்கு வருவோம்.

இங்கிலாந்துல ஓட்டுக்காகப் போராடின பெண்களை 'சஃப்ரஜெட்'னு ஒரு பத்திரிகை கிண்டலா எழுதிச்சு. அவங்க அந்தப் பேரையே எடுத்து பேட்ஜ் மாதிரி மாட்டிக்கிட்டாங்க. அவங்க பண்ணின வேலையெல்லாம் கேட்டா நம்ம ராகிங் சீனியர்கள்கூட காலைத் தொட்டுக் கும்பிடுவாங்க. 1909-ல் ரெண்டு பெண்கள் போஸ்ட் ஆபீஸுக்குப் போய், தங்களையே லெட்டரா பிரதமருக்கு அனுப்பச் சொன்னாங்க! ஆளுக்கு அட்ரஸ் எழுதி, தந்தி கொண்டு போற பையன் ஒருத்தன் கூட்டிட்டுப் போனான். பிரதமர் வீட்டுல வாங்க மறுத்துட்டாங்க. அதே வருஷம் முரியல் மேட்டர்ஸ்னு ஒருத்தர் ஆகாயக் கப்பல்ல ஏறி லண்டன் மேல நோட்டீஸ் கொட்டினார். காத்து வேற பக்கம் தள்ளிட்டுப் போனதால பார்லிமென்ட் வரைக்கும் போக முடியலை. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ராத்திரி, எமிலி டேவிசன் பார்லிமென்ட்டுக்குள்ளேயே ஒரு அலமாரியில ஒளிஞ்சுக்கிட்டார். எதுக்கு? 'இன்றைய ராத்திரி தங்கின இடம்'ங்கிற கட்டத்துல பார்லிமென்ட்னு எழுதணுமே, அதுக்கு!

சிரிச்சு முடிச்சாச்சா? இதே எமிலி 1913-ல் குதிரைப் பந்தயத்துல ராஜாவோட குதிரைக்கு முன்னாடி போய் அடிபட்டு, நாலு நாள் கழிச்சு செத்துப்போனார். ஜெயில்ல உண்ணாவிரதம் இருந்த பெண்களுக்கு மூக்கு வழியா குழாய் விட்டு வலுக்கட்டாயமா உணவை ஊத்தினாங்க.

நம்ம நாட்டு ரத்தமும் அதுல உண்டு. பஞ்சாப் மகாராஜா ரஞ்சித் சிங்கோட பேத்தி சோஃபியா துலீப் சிங். ராணி குடுத்த அரண்மனை வீட்டுல இருந்துக்கிட்டே, அதோட வாசல்ல நின்னு சஃப்ரஜெட் பேப்பர் வித்தவர். 'ஓட்டு இல்லேன்னா வரியும் இல்லை'ன்னு கட்ட மறுத்தார். அதிகாரிங்க நகையை ஜப்தி பண்ணி ஏலம் விட்டாங்க. கூட இருந்த தோழிங்க ஏலத்துல எடுத்து அவர்கிட்டேயே திருப்பிக் குடுத்துட்டாங்க. செம இல்லே?

இத்தனை களேபரம் ஏன்னா, அங்கே கெஞ்சிப் பார்த்து அலுத்துப்போயிருந்தாங்க. 1866-லேயே கையெழுத்து வாங்கி பார்லிமென்ட்டுல மனு குடுத்தாச்சு. அதுக்கப்புறம் நாப்பது வருஷத்துக்கு மேல மனு, மனு, மனு! ஒண்ணும் அசையலை. அப்புறம்தான் கல்.

இங்கே நிலைமையே வேற. யாரும் இன்னும் கேட்கவே இல்லை! தவிர, இங்கே ஆம்பளைகள்லயும் சொத்து வரி கட்டின கொஞ்சம் பேருக்குத்தான் ஓட்டு. எதிர்ல உட்கார்ந்திருந்தது வெள்ளைக்காரன். 'இந்தியர்களுக்கு ஆளத் தெரியாது, பெண்களை அடிமையா வெச்சிருக்காங்க'ன்னு சொல்லிட்டிருந்தவன். அவன் மூஞ்சியில கரி பூசணும்னா நம்ம ஊர் தலைவர்கள் பெண்களுக்கு ஆதரவா கை தூக்கியே ஆகணும். மார்கரெட் அம்மணி இதைச் சரியா மோப்பம் பிடிச்சாங்கன்னு நான் நினைக்கிறேன்.

1917 மே மாசம் அடையாறுல இந்திய மாதர் சங்கம் ஆரம்பிச்சாங்க. மார்கரெட், டாரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் எல்லாம் அதுல இருந்தாங்க. அதே வருஷம் இந்தியா மந்திரி மாண்டேகு இங்கே சுற்றுப்பயணம் வந்தார். பெண்கள் படிப்பைப் பத்திப் பேசணும், டைம் குடுங்கன்னு மார்கரெட் எழுதினாங்க. பதில் வந்தது: அரசியல் சம்பந்தமான கோரிக்கை மட்டும்தான் கேட்போம்.

வேற யாராவதா இருந்தா 'அய்யோ போச்சே'ன்னு மடிச்சு வெச்சிருப்பாங்க. இவங்க என்ன பண்ணினாங்க? அரசியல்தானே வேணும்? இந்தா பிடி, ஓட்டுரிமை! 1917 டிசம்பர் 18-ந் தேதி சரோஜினி நாயுடு தலைமையில பெண்கள் தூதுக்குழு சென்னையில மாண்டேகுவைப் பார்த்தது. ஆண்களுக்கு என்ன தகுதியோ அதே தகுதியில பெண்களுக்கும் ஓட்டு குடுங்கன்னு கேட்டாச்சு.

உடனே குடுத்துட்டாங்களான்னா, இல்லை. ஓட்டுரிமையை ஆராய வந்த சவுத்பரோ கமிட்டி, இந்த ஊர் சமூக நிலைமைக்கு இது ஒத்து வராதுன்னு கை கழுவிடுச்சு. விடலை. 1919-ல் சரோஜினி நாயுடுவும் அன்னி பெசன்ட்டும் லண்டனுக்கே போய் பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி சாட்சி சொன்னாங்க. கடைசியில 'அந்தந்த மாகாணச் சட்டசபையே முடிவு பண்ணிக்கட்டும்'னு பந்தைத் தட்டி விட்டான் வெள்ளைக்காரன். 1921-ல் சென்னை கோல் போட்டுச்சு.

விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அந்த ஓட்டு யாருக்கு?

சொத்து இருக்கிற, வரி கட்டுற பெண்ணுக்கு. பட்டா புருஷன் பேர்ல இருந்தா பொண்டாட்டிக்கு ஓட்டு இல்லை. அப்போ விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு ஜில்லா. ஜில்லா தலைநகர் கடலூர். (விழுப்புரம் பேர்ல தனி மாவட்டம் வந்தது 1993-லதான்.) இந்தப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில களை எடுத்த, மரக்காணம் உப்பளத்துல உப்பு வாரின பாட்டிகளுக்கு 1921-ல் ஒண்ணும் மாறலை. அடையாறுல இங்கிலீஷ்ல எழுதின லெட்டர் அவங்க தெருவுக்கு வந்து சேரலை.

அந்த இடத்துலதான் நம்ம ஜில்லாக்காரர் ஒருத்தர் வர்றார். கடலூர் முதுநகர் அஞ்சலை அம்மாள். 1890-ல் பிறந்தவர். சாதாரணக் குடும்பம். 1921 ஒத்துழையாமை இயக்கத்துலேயே வீதிக்கு வந்துட்டார். 1857-ல் கொடூரமா மக்களைக் கொன்ன கர்னல் நீலுக்கு சென்னை மவுன்ட் ரோட்டுல ஒரு சிலை வெச்சிருந்தாங்க. 1927-ல் அதை எடுக்கச் சொல்லி நடந்த போராட்டத்துக்கு, சின்னப் பொண்ணா இருந்த தன் மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிட்டுப் போனார். ரெண்டு பேரையும் பிடிச்சு உள்ளே போட்டாங்க. அந்தக் குழந்தைக்கு லீலாவதின்னு பேர் வெச்சது காந்தி.

போராட்டச் செலவுக்காக இருந்த நிலத்தையும் வீட்டையும் வித்தது அந்தக் குடும்பம். யோசிச்சுப் பாருங்க... சொத்து இருந்தாத்தான் ஓட்டுங்கிற காலத்துல, ஊருக்காக சொத்தை வித்தவங்க!

1930-ல் உப்புச் சத்தியாகிரகம். மறுபடி ஜெயில். அப்புறம் இன்னொரு தடவை வேலூர் ஜெயிலுக்குப் போனப்போ வயித்துல குழந்தை. பிரசவத்துக்காக வெளியே விட்டாங்க. குழந்தை பிறந்ததும் கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு மிச்ச தண்டனையை அனுபவிக்கத் திரும்பப் போனார்! பையனுக்கு ஜெயில்வீரன்னே பேரு. காந்தி கடலூர் வந்தப்போ அஞ்சலை அம்மாளைப் பார்க்கக் கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்டுச்சு. இவர் பர்தா போட்டுக்கிட்டு குதிரை வண்டியில போய்ப் பார்த்துட்டு வந்துட்டார். சஃப்ரஜெட் அம்மணிகள் கேட்டிருந்தா எழுந்து நின்னு கை தட்டியிருப்பாங்க. காந்தி இவரை தென்னாட்டு ஜான்சி ராணின்னார்.

சென்னைப் பக்கம் அதுக்குள்ள என்ன நடந்துச்சுன்னா, 1926-ல் பெண்கள் சட்டசபைக்குப் போட்டி போடலாம்னு ஆச்சு. மார்கரெட் தூண்டிவிட்டு கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூர்ல நின்னாங்க. கொஞ்சூண்டு ஓட்டு வித்தியாசத்துல தோல்வி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினரா உள்ளே போய் துணைத் தலைவராவே ஆனாங்க. 1930-ல் காந்தி கைதானதும் அந்தப் பதவியைத் தூக்கி எறிஞ்சாங்க. ராஜினாமாவும் ஒரு கல்தானே?

லெட்டர் எழுதின மார்கரெட்? 1932-ல் அரசாங்கத்தோட அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசினதுக்கு ஒரு வருஷ தண்டனை. வேலூர் ஜெயில். ஆக லண்டன், அயர்லாந்து, வேலூர்னு மூணு ஊர் ஜெயிலைப் பார்த்தவங்க. லெட்டர் எடுபடற வரைக்கும் லெட்டர். எடுபடலைன்னா அடுத்த ஆயுதம். கல்தான் வீரம், மனு குடுக்கிறது கோழைத்தனம்னு நம்ம கேன்டீன்ல ஒரு குரூப் பேசுமே, அவங்களுக்கு இந்த அம்மணியோட பயோடேட்டாவை பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்தாச்சு. 1935 சட்டம். ஓட்டுப் போடற பெண்கள் எண்ணிக்கையைக் கூட்டணும்னு வெள்ளைக்காரன் ஒரு வழி கண்டுபிடிச்சான். எழுதப் படிக்கத் தெரிஞ்ச பெண்ணுக்கு ஓட்டு, ஓகே. அதோட, சொத்துள்ள ஆளோட மனைவிக்கும் ஓட்டு! நல்ல விஷயம்தானேன்னு தோணும். ஆனா முத்துலட்சுமி ரெட்டி, ராஜ்குமாரி அம்ரித் கவுர் மாதிரி பெண் தலைவர்கள் 1933-ல் லண்டன் வரைக்கும் போய் வேண்டாம்னாங்க. புருஷன் பேரைச் சொல்லி வர்ற ஓட்டு வேண்டாம், வயசு வந்த எல்லாருக்கும் குடுங்கன்னாங்க. அவங்க பேச்சு எடுபடலை.

கிடைக்கிறதை வாங்கிப் போட்டுக்காம ஏன் இந்த வீம்புன்னு நானும்தான் நினைச்சேன், எங்க லேப் விவகாரம் வர்ற வரைக்கும்.

எங்க காலேஜ்ல (பேர் வேண்டாம், இன்டர்னல் மார்க் பாக்கி இருக்கு!) மூணாம் வருஷம் மினி புராஜெக்ட். பசங்க ராத்திரி 8 மணி வரைக்கும் லேப்ல இருக்கலாம். பொண்ணுங்க 5 மணிக்கு வெளியே. சால்டரிங் அயர்ன் சூடாகறதுக்குள்ள வாட்ச்மேன் வந்து நிப்பார். கிளாஸ்ல நாங்க 19 பேர். "ஸ்டிரைக் பண்ணுங்க, நாங்க சப்போர்ட்டு"ன்னாங்க பசங்க. (ஒரு நாள் லீவு கிடைக்குமேன்னு அவங்க கவலை.) நாங்க பண்ணினது வேற. ஒரே மனுவுல 19 கையெழுத்து போடாம, 19 பேரும் தனித்தனியா லெட்டர் குடுத்தோம். ஒவ்வொண்ணுலயும் புராஜெக்ட் தலைப்பு, இன்னும் தேவைப்படற லேப் மணி நேரம், கடைசியில ஒரு வரி: 'மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரவும்'. "யாருடி லீடர்?"னு கேட்டாங்க. 19 லெட்டர்ல லீடரை எங்கே தேடறது? மறுப்பை எழுதிக் கையெழுத்துப் போட அங்கே யாருக்கும் மனசு வரலை.

பத்து நாள்ல ஆர்டர் வந்துச்சு. பொண்ணுங்க 7 மணி வரைக்கும் இருக்கலாம். ஆனா அப்பா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேணும். பசங்களுக்கு அது தேவையில்லை.

எல்லாரும் வாங்கிட்டு வந்துட்டோம், ஒருத்தியைத் தவிர. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா கையெழுத்தோட வந்தா. "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா? சித்தப்பா, மாமா?"ன்னு கேட்டு லெட்டரைத் திருப்பிக் குடுத்தாங்க. அவ அம்மா யார் தெரியுமா? 2021 உள்ளாட்சித் தேர்தல்ல நின்னு ஜெயிச்சு வார்டு மெம்பர் ஆனவங்க! அவங்க கையெழுத்துக்கு கிராமத்துல மதிப்பு இருக்கு, எங்க லேப் கதவுல இல்லை.

அன்னிக்குப் புரிஞ்சுது, முத்துலட்சுமி ரெட்டி எதுக்காக லண்டன் வரைக்கும் போனாங்கன்னு.

மனைவி ஓட்டோட 1937 தேர்தல் நடந்துச்சு. சென்னை சட்டசபையில 215 இடத்துல பெண்களுக்குன்னு ஒதுக்கினது 8. அந்தத் தேர்தல்ல ஜெயிச்சு உள்ளே போனவங்கள்ல அஞ்சலை அம்மாளும் ஒருத்தர். 84 வருஷம் கழிச்சு, 2021 தேர்தல்ல நம்ம சட்டசபைக்கு ஜெயிச்சு வந்த பெண்கள் 234-ல் 12 பேர். பர்சன்டேஜ் நீங்களே போட்டுப் பாருங்க, கால்குலேட்டர் அலவ்டு.

1950-ல் எல்லாருக்கும் ஓட்டு வந்ததும் இந்தப் பேர் தகராறு தீர்ந்துச்சான்னா, அதுவும் இல்லை. முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்க வீடு வீடா போனாங்க. வடக்கே பல மாநிலங்கள்ல பெண்கள் தங்களோட பேரைச் சொல்லலை. 'இன்னாரோட சம்சாரம்', 'இன்னாரோட மகள்'னு மட்டும் எழுதச் சொன்னாங்க. சொந்தப் பேர் இல்லாம பட்டியல்ல வைக்க முடியாதுன்னு சுமார் 28 லட்சம் பெண்களை நீக்கிட்டு 1951-52 தேர்தலை நடத்தி முடிச்சாங்க. தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் அதுல பிடிவாதமா நின்னார். அநியாயமான்னா அநியாயம்தான், 28 லட்சம் ஓட்டு போச்சே. ஆனா அடுத்த தேர்தலுக்குள்ள பெரும்பாலானவங்க பேரைச் சொல்லிப் பதிஞ்சுக்கிட்டாங்க. இந்த விஷயத்துல நான் சுகுமார் சென் கட்சியா, அந்தப் பெண்கள் கட்சியான்னு இன்னும் முடிவுக்கு வர முடியலை. லஞ்ச் பிரேக்ல இதை வெச்சு எங்க கேங்குல ரெண்டு நாள் சண்டை.

சண்டை முடியறதுக்குள்ள ரெண்டாவது ரவுண்டு லெட்டரும் போயாச்சு. மறுபடி 19. சம்மதக் கடிதம் வேணும்னா பசங்ககிட்டயும் வாங்குங்க, இல்லேன்னா எங்க கையெழுத்தையே எடுத்துக்குங்க, எங்க எல்லாருக்கும் 18 தாண்டி ஓட்டே வந்தாச்சுன்னு எழுதியிருக்கோம். கீழே அதே கடைசி வரி. வாக்காளர் அடையாள அட்டை ஜெராக்ஸையும் கூடவே பின் பண்ணிட்டோம்.